கான் தோ ஆற்றில் ஒரு நாள்: மீகாங் கழிமுகப் படகுப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

தெற்கு வியட்நாமில் படகு பேச உட்காரும்போது எல்லோரும் முதலில் கேட்பது வாடகை. முதலில் கேட்க வேண்டியது வேறு: நாளைக் காலை தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும்? மீகாங் கழிமுகத்தில் எந்த வாய்க்காலுக்குள் படகு நுழையும், எந்தப் பாலத்துக்கு அடியில் போக முடியும், திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையெல்லாம் கடல் ஓதம்தான் தீர்மானிக்கிறது. கான் தோ நகரம் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தாலும் ஆறு நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் பாதி வேலை முடிந்தது.

எங்கே போகிறோம்

மீகாங் வியட்நாமுக்குள் இரண்டு பெரிய கிளைகளாக நுழைகிறது. வடக்கே தியென், தெற்கே ஹாவ். கடலுக்குப் போகும்போது பல வாய்களாகப் பிரிவதால் ஊர்க்காரர்கள் ஆற்றுக்கு வைத்த பெயர் கூ லாங், ஒன்பது டிராகன்கள். ஹாவ் ஆற்றின் கரையில் இருக்கிறது கான் தோ. அங்கே ஹாவில் வந்து சேரும் சிறிய ஆற்றுக்கும் கான் தோ என்றே பெயர். நம் பயணம் இந்தச் சிறிய ஆற்றில்தான். நின் கியூ படித்துறையில் ஏறி, சுமார் 6 கி.மீ. தள்ளி காய் ராங் மிதக்கும் சந்தை, அங்கிருந்து கிளை வாய்க்கால்கள் வழியாக ஃபோங் டியென் பக்கத்துத் தோட்டங்கள், பிறகு ஆற்று வழியே திரும்பல்.

ஒரு எச்சரிக்கை. ஹோ சி மின் நகரில் ‘மீகாங் ஒரு நாள் பயணம்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் கான் தோ அல்ல, மி தோ. அது நகரிலிருந்து சுமார் 70 கி.மீ. பேருந்தில் போய், ஒரு ஆற்றுத் தீவில் தேங்காய் மிட்டாய் பார்த்து, பத்து நிமிடம் துடுப்புப் படகில் ஏறி இறங்கும் பயணம். மோசமில்லை, ஆனால் அதில் சந்தை கிடையாது. கான் தோ சுமார் 170 கி.மீ.; பேருந்தில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். சந்தை விடியலில் நடக்கிறது. அதனால் முதல் நாள் மாலையே கான் தோ வந்து தங்கிவிடுங்கள். ஹோ சி மின்னில் மியென் தேய் பேருந்து நிலையத்திலிருந்து நாள் முழுக்க வண்டி உண்டு.

விசா பற்றிச் சுருக்கமாக: இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா போதும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர், 90 நாள் வரை. அரசின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே எடுங்கள். அதே போலத் தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய.

எந்த மாதம், எந்தத் திதி

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, வானம் தெளிவு. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், ஆனால் மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். விடியலில் கிளம்பும் பயணத்துக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. பழம் தின்ன வேண்டும் என்றால் மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். ரம்புத்தானும் துரியனும் குலுங்கும். மற்ற மாதங்களில் தோட்டம் இருக்கும், மரத்தில் காய் இருக்காது. ‘பழத்தோட்டம்’ என்று பணம் கட்டிவிட்டு வெறும் இலையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

டெட் புத்தாண்டை ஒட்டி (ஜனவரிக் கடைசி அல்லது பிப்ரவரி) நிலைமை இரண்டு மாதிரி. புத்தாண்டுக்கு முந்தைய வாரத்தில் பூவும் தர்பூசணியுமாகச் சந்தை களைகட்டும். பிறந்த பிறகு சில நாள்கள் ஆளே இருக்காது. அந்த நாள்களில் போகவே வேண்டாம்.

இனி ஓதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயரம் அதிகம். தண்ணீர் மேலேறும்போது சிறு வாய்க்கால்களின் தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் கூரை போட்ட படகு நுழையாது. இறங்கும்போது அதே வாய்க்காலில் சேறுதான் மிஞ்சும். அஷ்டமி நவமி பக்கம் போனால் ஏற்ற இறக்கம் மிதமாக இருக்கும், வழி தடைபடும் வாய்ப்பு குறைவு. வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டர் இதற்குப் போதும். வியட்நாமியர்கள் மாதத்தின் முதல் நாள், பதினைந்தாம் நாள் என்று கணக்கு வைப்பதும் இதே நிலவைத்தான்.

சைவர்களுக்கு இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதே முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே ஏராளமான பௌத்தர்கள் சைவம் சாப்பிடுகிறார்கள். மற்ற நாளில் தேடி அலைய வேண்டிய சைவச் சோறு அன்றைக்குத் தெருவுக்குத் தெரு கிடைக்கும். வாய்க்காலுக்கு நல்ல நாள் வேறு, வயிற்றுக்கு நல்ல நாள் வேறு. சாப்பாடு முக்கியம் என்றால் பௌர்ணமியைத் தேர்ந்தெடுங்கள், படகை மட்டும் கூரை இல்லாததாகப் பேசிக்கொள்ளுங்கள்.

படகு பேசுவது

நின் கியூ கரையில் மாலை நடந்தாலே படகுக்காரர்கள் தேடி வருவார்கள். விடுதியிலும் ஏற்பாடு செய்வார்கள், கொஞ்சம் கூடுதல் விலைக்கு. பெரிய சுற்றுலாப் படகு ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும். சந்தை வரை போய்த் திரும்ப அது சரி, ஆனால் வாய்க்காலுக்குள் நுழையாது. நமக்கு வேண்டியது நான்கைந்து பேர் உட்காரும் சிறு படகு. அதன் வாடகை ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஆகவே இரண்டு பேராகப் போவதைவிட நான்கு பேராகச் சேர்ந்து போனால் செலவு பாதி.

பேசும்போது இவற்றைத் தெளிவாக முடித்துக்கொள்ளுங்கள்:

- எத்தனை மணி நேரம். ‘சந்தையும் வாய்க்காலும்’ என்று மட்டும் பேசினால் மூன்று மணி நேரத்தில் கரையில் இறக்கிவிடுவார்கள். ஃபோங் டியென் பக்கம் போய்வர ஏழெட்டு மணி நேரம் வேண்டும்.
- வழியில் நிற்கும் இடங்களின் பெயர். எந்த நூடுல்ஸ் பட்டறை, எந்தத் தோட்டம், நுழைவுக் கட்டணம் யாருடையது.
- நாளைய ஏற்றம், வற்றம். ‘நுவோக் லோன்’ என்றால் ஏறும் தண்ணீர், ‘நுவோக் ரோங்’ என்றால் வற்றும் தண்ணீர். கைப்பேசி மொழிபெயர்ப்பில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது.
- உயிர்காப்பு உடை ஆளுக்கு ஒன்று. அதன் பெயர் ‘ஆவ் ஃபாவ்’. இருக்கிறதா என்று கேட்பதோடு விடாமல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கொக்கி மாட்டுகிறதா, குழந்தை அளவு உண்டா என்று அப்போதே பாருங்கள். குழந்தைக்குப் பெரியவர் உடையை மாட்டினால் தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். சிறிது முன்பணம், மீதி கரையேறியபின்.

படகோட்டுபவர் வேறு, வழிகாட்டி வேறு. கான் தோவில் சிறு படகு ஓட்டுபவர்களில் பெண்கள் நிறைய. ஆற்றை உள்ளங்கைபோல் அறிந்தவர்கள், ஆங்கிலம் பத்துச் சொல் இருந்தால் அதிகம். பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அவரே போதும். வீடுகளில் உட்கார்ந்து பேச வேண்டும், விவசாயம் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் அடையாள அட்டை வைத்திருக்கும் வழிகாட்டியைத் தனியாக அமர்த்துங்கள்.

கூப்பிடும் முறை நமக்கு எளிது. அங்கேயும் பெயரைவிட உறவுமுறைதான். உங்களைவிடச் சற்றுப் பெரியவர் என்றால் ‘சி’, அதாவது அக்கா. அம்மா வயது என்றால் ‘கோ’. ஆண் என்றால் அண்ணனுக்கு ‘ஆன்’, சித்தப்பா வயதுக்கு ‘சூ’. பின்னால் ‘ஓய்’ சேர்த்தால் விளி: ‘சி ஓய்!’ தெற்கில் மூத்த பிள்ளையை ‘ஹாய்’, இரண்டு, என்றே அழைப்பார்கள். எண்ணிக்கை அங்கே இரண்டிலிருந்து ஆரம்பிக்கிறது.

பையில் வைக்க வேண்டியவை

சிறு நோட்டுகள் முதலில். நூறு டாங்குக்குச் சுமார் முப்பது காசு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் டாங் சுமார் 300 ரூபாய்க்குச் சற்று மேல். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீல நிறம். விடிகாலை அரையிருட்டில், ஆடும் படகில், காப்பிக்கு ஐந்து லட்சத்தை நீட்டுவது அடிக்கடி நடக்கும் விபத்து. முதல் நாள் இரவே ஐந்து லட்ச நோட்டுகளைத் தனி உறையில் போட்டுவிடுங்கள்.

குடை வேண்டாம். படகு ஓடும்போது காற்று அதைத் திருப்பிவிடும், பின்னால் இருந்து ஓட்டுபவருக்கு வழியும் மறைக்கும். பிளாஸ்டிக் மழைக்கோட்டு, நாடா வைத்த தொப்பி, கொசு மருந்து, முழுக்கைச் சட்டை, நழுவாத செருப்பு, கைப்பேசிக்கு நீர்புகாத உறை. வெயில் மேலே இருந்து மட்டுமல்ல, தண்ணீரிலிருந்து தெறித்தும் முகத்தைச் சுடும்.

சிறு படகில் கழிப்பறை கிடையாது. விடுதியில் போய்விட்டுக் கிளம்புங்கள். அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் நூடுல்ஸ் பட்டறையில்தான்.

காலை 5 மணி: ஏறுதலும் உட்காருதலும்

படகு குறுகலானது. விளிம்பில் கால் வைக்காமல் நடுத்தளத்தில் வையுங்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்தபின் அடுத்தவர். எடை உள்ளவர்கள் நடுவில், இரு பக்கமும் சமமாக. பின்புறம் இருப்பது நீண்ட தண்டு கொண்ட எஞ்சின். தண்டின் வடிவத்தால் ‘இறால் வால்’ எஞ்சின் என்பது அங்குள்ள பெயர். சத்தம் காதைப் பிளக்கும் என்பதால் முன் வரிசை நல்லது. ஆனால் பெரிய படகு கடக்கும்போது அலை தெறித்து முதலில் நனைவதும் முன் வரிசைதான்.

இந்த நீளத் தண்டுக்குக் காரணம் உண்டு. கான் தோவில் ஆகாயத்தாமரை தீவு தீவாக மிதந்து வரும். அது விசிறியில் சுற்றிக்கொண்டால் எஞ்சின் திணறும். படகோட்டி உடனே தண்டைத் தூக்கி நீருக்கு வெளியே கொண்டுவந்து, கையாலோ கத்தியாலோ இழைகளை அறுத்து எடுப்பார். இரண்டு நிமிட வேலை. அந்த நேரத்தில் உதவுகிறேன் என்று பின்பக்கம் எழுந்து போகாதீர்கள், படகு சாய்வது அப்போதுதான். பிளாஸ்டிக் பை சுற்றினாலும் இதே கதைதான், அறுப்பது கொஞ்சம் கடினம்.

விடியல் வருடம் முழுக்க ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும் இடையில். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் சுமார் நாற்பது நிமிடத்தில் சந்தை. ஏழு மணிக்குப் புறப்பட்டால் சுற்றுலாப் படகுகள் ஒன்றையொன்று படம் எடுப்பதைத்தான் பார்ப்பீர்கள். மொத்த வியாபாரம் எட்டு, ஒன்பது மணிக்குள் அடங்கிவிடும்.

சந்தையைப் படிப்பது எப்படி

காய் ராங் மொத்த விற்பனைச் சந்தை. பெரிய மரப் படகுகளின் பெயர் ‘கே’. உள்ளூரிலிருந்தும் தூர மாவட்டங்களிலிருந்தும் வள்ளிக்கிழங்கு, பூசணி, அன்னாசி, முட்டைக்கோஸ் என்று ஒரே சரக்கை ஏற்றி வந்து, விற்றுத் தீரும்வரை நாள்கணக்கில் நங்கூரமிட்டு நிற்கும். படகின் முகப்பில் கண் வரைந்திருப்பார்கள். குடும்பம் முழுக்க அதில்தான் குடியிருக்கும். கொடியில் துணி, தொட்டியில் செடி, மேல்தளத்தில் நாய்.

ஒவ்வொரு படகிலும் செங்குத்தாக ஒரு மூங்கில் கழி. அதன் நுனியில் கட்டித் தொங்குவது எதுவோ அதுதான் படகுக்குள் இருக்கும் சரக்கு. இந்தக் கழிக்கு ‘கேய் பெவ்’ என்று பெயர். எஞ்சின் இரைச்சலில் கூவி விற்க முடியாத இடத்தில் இதுவே பெயர்ப்பலகை. விதிவிலக்குகள் மூன்று. துணி தொங்கும், ஆனால் விற்பனைக்கல்ல, காய்வதற்கு. சோறும் காப்பியும் விற்கும் படகுகள் எதையும் தொங்கவிடுவதில்லை. கழியில் தென்னங்கீற்றோ நீர்த்தென்னைக் கீற்றோ தொங்கினால் கீற்று விற்பனைக்கல்ல, அந்தப் படகே விற்பனைக்கு! கூரை வேயும் பொருளைக் காட்டி வீட்டை விற்கிறார்கள்.

பெயரிலும் ஒரு அடுப்பு இருக்கிறது. ‘காய் ராங்’ என்பது கெமர் மொழியில் மண் அடுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அந்த அடுப்பை இன்றும் படகுகளில் பார்க்கலாம். மூன்று குமிழ் உள்ள அடுப்புக்கு முன்னால் எட்டு வடிவில் தட்டுபோல் மண்ணை நீட்டியிருப்பார்கள். எரியும் விறகும் சாம்பலும் அந்தத் தட்டில் விழும், மரப் படகின் தளத்தில் விழாது.

சாப்பாட்டுப் படகு தானாக வந்து உங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். ‘ஹூ தியூ’ என்ற அரிசி நூடுல்ஸ் சூப் ஒரு கிண்ணம் சுமார் 30,000 முதல் 40,000 டாங். கிண்ணம் கைமாறும்போது இரண்டு படகும் ஆடும். கிண்ணத்தை அடியில் பிடியுங்கள், விளிம்பில் அல்ல. சூப் கொதிக்கக் கொதிக்க வரும்.

அந்த சூப் பன்றி எலும்பில் வெந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மேலே உள்ள துண்டுகளை எடுத்துவிட்டு அதே சூப்பைத் தருவார்கள். சைவத்துக்குச் சொல் ‘சாய்’, குரலை ஏற்றாமல் இறக்காமல் சமமாக. குரல் மேலேறினால் ‘எரிந்துபோனது’ என்று பொருள் மாறிவிடும். எழுதிக் காட்டுவதே பத்திரம்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, மீன் சாறு இல்லை. மூன்றாவதுதான் முக்கியம். கீரைப் பொரியலிலும் ‘நுவோக் மாம்’ என்ற மீன் சாறு ஊற்றியிருக்கும். சந்தையில் சைவர்களுக்கு நிச்சயமாகக் கிடைப்பது அன்னாசி, இளநீர், பால் ஊற்றிய ஐஸ் காப்பி. மதியம் வரை பசி தாங்க முதல் நாளே ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். வியட்நாம் அரசு 2016இல் காய் ராங் சந்தையைத் தேசியக் கலாச்சார மரபாக அறிவித்தது, ஆனால் படகுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. சாலையும் பாலமும் வந்ததும் சரக்கு லாரிக்கு மாறிவிட்டது. ஹாவ் ஆற்றின் குறுக்கே கான் தோ பாலம் 2010இல் திறக்கப்பட்டது. பழைய படங்களில் ஆற்றை மறைத்து நிற்கும் கூட்டம் இன்று கிடையாது. ஃபோங் டியென் பக்கம் இருக்கும் இன்னொரு மிதக்கும் சந்தை அதைவிடச் சுருங்கிவிட்டது. ‘இரண்டு சந்தை காட்டுகிறேன்’ என்பவரிடம் இரண்டாவதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தை வாய்க்காலில் செலவிடச் சொல்லுங்கள்.

7 மணிக்கு மேல்: நூடுல்ஸ் பட்டறை

கரையோரப் பட்டறையில் வேலை நடக்கும்போது போக வேண்டும், காட்சிக்கு வைத்ததைப் பார்க்க அல்ல. அரிசி மாவுடன் மரவள்ளி மாவு கலந்த கரைசலைக் கொதிக்கும் பானையின் வாயில் இறுகக் கட்டிய துணிமேல் ஊற்றி வட்டமாகத் தேய்ப்பார்கள். மூடி போட்டு ஒரு நிமிடம்போல் ஆவியில் வெந்ததும், மூங்கிலில் பின்னிய உருளையால் சுருட்டித் தூக்கி, மூங்கில் தட்டியில் விரிப்பார்கள். நம் ஊர் இடியாப்பமும் ஆப்பமும் தெரிந்த கண்ணுக்கு உடனே பிடிபடும் வேலை. அடுப்புக்கு நெல் உமிதான் எரிபொருள், சாம்பல் தோட்டத்துக்குப் போகும்.

நுட்பம் காயவைப்பதில். அதிகம் காய்ந்தால் இயந்திரத்தில் வெட்டும்போது நொறுங்கும், காயாமல் வெட்டினால் ஒட்டிக்கொள்ளும். திடீரென்று வானம் கறுத்தால் பட்டறை முழுக்கத் தட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்போது வழியில் நிற்காதீர்கள்.

வாய்க்காலுக்குள்

நீர்வழிகளுக்கு அங்கே தனித்தனிப் பெயர். ‘சோங்’ பெரிய ஆறு, ‘ராக்’ இயற்கையான ஓடை, ‘கென்’ வெட்டிய கால்வாய், ஓடை ஆற்றில் சேரும் வாய் ‘வாம்’. வளைந்து வளைந்து போனால் ராக், கோடு போட்டதுபோல் நேராகப் போனால் கென். ஃபோங் டியென் அருகே தொடங்கும் சா நோ கால்வாய் பிரெஞ்சு ஆட்சியில், 1901 முதல் 1903 வரை, தூர்வாரும் இயந்திரங்களால் வெட்டப்பட்டது. உள்நாட்டு நெல்லை வெளியே கொண்டுபோக வெட்டிய வழி. அகலத்தையும் நேரான போக்கையும் பார்த்தாலே மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம்.

சிறு ஓடைக்குள் நுழைந்ததும் எஞ்சினை மெதுவாக்கச் சொல்லுங்கள். மரியாதைக்காக மட்டுமல்ல, வேகமான படகின் அலை மண் கரையை அரிக்கும், படித்துறையில் பாத்திரம் கழுவுகிறவர்களை நனைக்கும். இரு கரையிலும் நிற்கும் நீர்த்தென்னை நம் தென்னை அல்ல; தண்டே வெளியே தெரியாமல் சேற்றிலிருந்து ஓலை மட்டும் எழும். ஓலை கூரைக்கு, உள்ளிருக்கும் வெண்பருப்பு நுங்குபோல் தின்ன.

இங்கே நேரக் கணக்கு முக்கியம். தண்ணீர் ஏறும்போது உள்ளே போங்கள், வற்றத் தொடங்கியதும் வெளியே வாருங்கள். போகும்போதும் வரும்போதும் நீரோட்டம் உங்கள் பக்கம் இருக்கும். தலைகீழாக அமைந்தால் வற்றும் நேரத்தில் ஓடைக்குள் மாட்டிக்கொள்வீர்கள். விசிறி சேற்றைக் கலக்கி, தண்ணீர் பால் காப்பி நிறமாக மாறுவதுதான் முதல் அறிகுறி. அதைப் பார்த்ததும் படகோட்டி எஞ்சினை நிறுத்திக் கழியால் ஊன்றத் தொடங்குவார். படகு தரைதட்டிவிட்டால் இறங்கித் தள்ளாதீர்கள். சேறு முழங்காலுக்கு மேல் இழுக்கும், உள்ளே உடைந்த கண்ணாடியும் சிப்பியும் கிடக்கும். எடையைப் பின்னால் மாற்றச் சொன்னால் மட்டும் நகருங்கள்.

வீடுகளின் வாசல் தண்ணீரைப் பார்த்துத்தான் இருக்கும். நீங்கள் கடப்பது ஒருவருடைய முற்றம். குளிக்கும் இடத்தில் கேமராவைத் தாழ்த்துங்கள். மற்ற இடத்தில் கைப்பேசியை உயர்த்திக் காட்டிச் சிரித்தால் சம்மதமோ மறுப்போ உடனே தெரிந்துவிடும். குழந்தைகளுக்குப் பணமும் மிட்டாயும் வேண்டாம். படகைக் கண்டதும் ஓடைக் கரையில் ஓடிவரும் பழக்கம் அவர்களைத் தண்ணீரில் தள்ளும்.

பகல் உணவும் திரும்பலும்

பத்தரை, பதினொன்றுக்குத் தோட்டத்தில் இறங்கலாம். பழத்தை எடை போட்டு விற்கும் இடத்தில் தராசைப் பார்த்து, கிலோ விலையைக் கைப்பேசியில் எண்ணாக அடிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டில் வரும் ஆற்று மீன் பொரிப்பும் பெரும்பாலும் எடைக் கணக்குத்தான். ‘ஒரு மீன்’ என்று சொல்லிவிட்டு, வந்தது ஒன்றரைக் கிலோ என்று பில்லில் தெரிந்துகொள்வதைவிடப் பொரிக்கும் முன்பே நிறுக்கச் சொல்வது மேல். சாப்பிட்டபின் ஊஞ்சல் வலையில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடப்பது பயணத் திட்டத்தில் எழுதப்படாத, விடவே கூடாத பகுதி.

மழைக்காலம் என்றால் ஒரு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். வாய்க்காலில் மழை வெறும் நனைவுதான். அகன்ற ஆற்றில் இடியோடு வந்தால் ஆபத்து. படகோட்டி கரை ஒதுக்கினால் அவசரப்படுத்தாதீர்கள், பாலத்தடியிலோ யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ அரை மணி நேரம் நின்றால் போதும்.

நின் கியூவில் இறங்கும்போதும் ஏறிய முறைதான்: ஒருவர் பின் ஒருவர், நடுத்தளத்திலிருந்து. முண்டியடித்து எழுந்து எல்லோரும் ஒரே பக்கம் நகர்வது இங்கேதான் நடக்கும், கைப்பேசிகள் ஆற்றில் விழுவதும் இங்கேதான். மீதி வாடகையை எண்ணும்போது அந்த நீல நோட்டுகளை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.